பட்டன் போன் போதுமா? வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்டன. ஒன்று, போனைத் தொடவே மாட்டேன் என்கிற பெரியவர்களைப் பற்றியது. மற்றது, போனைக் கீழே வைக்க முடியவில்லை என்பது. இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் கலந்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. வீட்டில் 0413 எண்ணோடு லேண்ட்லைன் இருக்கிறது, அதுவே போதும், செல்போன் வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறார். பேங்க், கேஸ், ஆதார் எதற்குப் போனாலும் ஓ.டி.பி. கேட்கிறார்கள். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துப் பழக்கலாமா? (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: ஸ்மார்ட்போன் வேண்டாம். அவருக்குத் தேவையான ஓ.டி.பி. எல்லாம் சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸாகத்தான் வரும். பட்டன் போன் போதும்.

வாங்குவதற்கு முன், ஏன் வேண்டாம் என்கிறார் என்பதை உட்கார்ந்து கேளுங்கள். எழுத்து தெரியவில்லையா, காது சரியாகக் கேட்கவில்லையா, எதையாவது தப்பாக அழுத்திப் பணம் போய்விடும் என்ற பயமா, கண்ட நேரத்தில் கூப்பிடுவார்கள் என்ற எரிச்சலா? நான்கும் வேறு வேறு. முதல் இரண்டுக்கும் தீர்வு போனைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பயத்துக்குத் தீர்வு, இன்டர்நெட் பேக் இல்லாத சிம். கடைசி காரணம் முழுக்க நியாயமானது. வேலை முடிந்ததும் போனை அணைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பிடிவாதம் அங்கேயே தளரும்.

கடையில் மலிவாகக் கிடைப்பது 2ஜி மட்டும் உள்ள போன். அதில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. 4ஜி பட்டன் போனாகக் கேட்டு வாங்குங்கள். அப்பாவையும் கடைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் சிம்மைப் போட்டு அங்கேயே ஒரு கால் பேசச் சொல்லுங்கள். சத்தம் முழுதாக வைத்தும் கேட்கவில்லை என்றால் அடுத்த மாடலைப் பாருங்கள். காதில் கருவி வைத்திருப்பவர் என்றால் ஒரு நிமிடமாவது பேசிப் பார்க்க வேண்டும். 2ஜி சிக்னலில் சில கருவிகள் 'கிர்ர்' என்று இரையும். பட்டன் ஒவ்வொன்றும் விரலுக்குத் தனியாகத் தட்டுப்பட வேண்டும். டார்ச்சுக்குத் தனி பட்டன் இருந்தால் நல்லது.

சிம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகளின் எண்ணை அப்பாவின் பேங்க் கணக்கில் கொடுத்துவைப்பது பல வீடுகளில் வழக்கம். அந்தப் பிள்ளை வெளியூரில், அல்லது வெளிநாட்டில் இருக்கும் நாளில்தான் ஓ.டி.பி. தேவைப்படும். ஆதாரில் எண்ணைச் சேர்க்க ஆதார் சேவை மையத்துக்கு அவர் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும், இதற்கு வேறு ஆவணம் தேவையில்லை. அதன் பிறகு பேங்கில் படிவம், கேஸ் ஏஜென்சியில் ஒரு முறை. சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கிற டெலிவரி எண்ணும் அந்த எண்ணுக்கே எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிடும்.

போனைக் கையில் கொடுக்குமுன் நீங்கள் செய்துவைக்க வேண்டியவை: 2, 3, 4 ஆகிய பட்டன்களில் நெருங்கிய மூவரின் எண்களை ஸ்பீடு டயலாகப் போடுங்கள். 5-லும் 9-லும் போடாதீர்கள். 2017-க்குப் பிறகு இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் இந்த இரண்டில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் 112-க்கு அவசர அழைப்பு போகவேண்டும் என்பது விதி. எது என்று பார்த்து அவருக்குக் காட்டிவையுங்கள். எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். ரிங்டோன் பழைய டெலிபோன் மணிச் சத்தமாக இருந்தால் அவருக்கு உடனே புரியும்.

பிறகு வரும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, பல பட்டன் போன்களில் இன்பாக்ஸில் நூறு, இருநூறு மெசேஜ்கள்தான் கொள்ளும். விளம்பரமாக வந்து நிரம்பிவிட்டால் புது மெசேஜ் உள்ளே வராது. "ஓ.டி.பி. வரவேயில்லை" என்று பேங்கில் போய் நிற்பார்கள், காரணம் போனிலேயே இருக்கும். மாதம் ஒரு முறை அழித்துவிடுங்கள். 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் விளம்பரம் குறையும், ஓ.டி.பி. தடைபடாது. இன்னொன்று, ரீசார்ஜ் முடிந்தால் சில நாளில் வருகிற அழைப்பும் நின்றுபோகும். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன் காலக்கெடு 365 நாள் வரை இருக்கலாம். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள்.

பழக்குவதில் அவசரம் கூடாது. முதல் வாரம் வருகிற அழைப்பை எடுப்பது மட்டும். இரண்டாவது வாரம் ஸ்பீடு டயல். மூன்றாவது வாரம் எஸ்.எம்.எஸ். திறந்து ஆறு இலக்கத்தைப் படிப்பது. நீங்களே "வணக்கம் 482913" என்று அனுப்பி, எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பழக்கலாம். அதே நேரத்தில், இந்த எண்ணைப் போனில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

லேண்ட்லைனை எடுத்துவிடாதீர்கள். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட்டில் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபருக்கு மாற்றியிருந்தால் சுவரில் உள்ள பெட்டிக்குக் கரண்ட் இல்லாத நிமிடமே போன் செத்துவிடும். அந்தப் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால், 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் மளிகைக் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் காசே இல்லை, எல்லாம் ஜிபே. சிக்னல் போனால் வியாபாரம் நின்றுவிடுகிறது. பணம் எடுத்துவிட்டதாகக் காட்டி, எனக்கு வராமலும் போகிறது. (கடைக்காரர், கடலூர்)

பதில்: வாடிக்கையாளர் கணக்கில் பணம் எடுக்கப்பட்டு உங்களுக்கு வராவிட்டால், ஐந்து நாளுக்குள் அவருக்கே திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதி. தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு. ஆகவே "அண்ணே, எனக்குப் போயிடுச்சு" என்பதற்காகப் பொருளைக் கொடுத்துவிட்டு நஷ்டப்பட வேண்டியதில்லை. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, தெரிந்தவர் என்றால் கடன் நோட்டில் எழுதுங்கள், பணம் திரும்பியதும் தரட்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே நம்பாதீர்கள். சவுண்ட் பாக்ஸ் பேசியதா, பேங்க் எஸ்.எம்.எஸ். வந்ததா, இரண்டில் ஒன்றுதான் கணக்கு. சவுண்ட் பாக்ஸுக்குள் தனி சிம் இருக்கிறது. உங்கள் போன் சிம் எந்தக் கம்பெனியோ அதைவிட வேறு கம்பெனி சிம் உள்ளதாகக் கேளுங்கள். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். கல்லாவில் 10, 20 ரூபாய் சில்லறை எப்போதும் இருக்கட்டும். சில்லறை இல்லை என்று கடைக்காரர்களே சொல்லிச் சொல்லித்தான் மக்கள் காசு கொண்டுவருவதை விட்டார்கள்.

கேள்வி: போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம், நகரக் கூடாது என்கிறார்களாம். உண்மையில் அப்படி உண்டா? (ஓய்வுபெற்ற ஊழியர், நெய்வேலி)

பதில்: கிடையாது. இந்தியச் சட்டத்தில் எங்கும் அப்படி ஒன்று இல்லை. எந்த அதிகாரியும் வீடியோ காலில் கைது செய்ய மாட்டார், போனில் பணம் கேட்க மாட்டார். அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். எடுத்த பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தள்ளிவிடுவார்கள், அதற்கு முன்னால் முடக்கினால்தான் மிஞ்சும். இன்னொரு தந்திரம், கூரியர் என்று சொல்லி *401* அல்லது *21* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வது. அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் ##002# போட்டு டயல் செய்யுங்கள், எல்லாத் திருப்பலும் ரத்தாகும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. மகன் எண்கூட எனக்கு மனப்பாடமாகத் தெரியாது, எல்லாம் போனுக்குள். அடுத்த புயலுக்கு என்ன செய்து வைக்கலாம்? (வாசகி, பாகூர்)

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல். இந்தக் கரையில் வாழ்கிறவர்கள் போன் இல்லாத சில நாட்களுக்கு எப்போதும் தயாராக இருக்கத்தான் வேண்டும். டவரில் உள்ள பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர். சாலையில் மரம் விழுந்து டீசல் போய்ச் சேரவில்லை என்றால் டவர் படுத்துவிடும். உங்கள் போனில் நூறு சதவீதம் சார்ஜ் இருந்தும் பயனில்லை.

முதல் வேலை பேனாவை எடுப்பது. பத்து எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: பிள்ளைகள், பக்கத்து ஊர் உறவினர், டாக்டர், மின்வாரிய அலுவலகம், பஞ்சாயத்து. 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 ஆகியவற்றையும் சேருங்கள். இரண்டு பிரதி. ஒன்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு, இன்னொன்று அலமாரிக் கதவின் உட்புறம். இவற்றில் இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பூஜை அறையில், அடுப்படியில், நாளைக்கு ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் பத்து நாளில் நாக்கில் நின்றுவிடும். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பவர் பேங்கில் ஏமாற வேண்டாம். 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போது வீணாவது போக, கைக்கு வருவது சுமார் 30. 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள ஸ்மார்ட்போனுக்கு ஒரு முழு சார்ஜுக்கே 19 வேண்டும். ஆக, ஒன்றரைத் தடவை. அதே பவர் பேங்கால் 1,000 எம்.ஏ.எச். பட்டன் போனை ஆறு ஏழு தடவை ஏற்றலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் பழைய பட்டன் போனைத் தூசு தட்டி, இரண்டாவது சிம்மைப் போட்டு வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். நானோ சிம்முக்கு அடாப்டர் சட்டம் தேவைப்படலாம், அதையும் இப்போதே வாங்கிவிடுங்கள். வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளாதீர்கள், வெளியே எடுக்கும்போது உள்ளிருக்கும் பின்னைப் பிய்த்துவிடும். பவர் பேங்கைச் சும்மா வைத்திருந்தாலும் மெல்ல இறங்கும், ஐப்பசி பிறந்ததும் ஒரு முறை முழுதாக ஏற்றுங்கள்.

சிக்னல் போன பிறகு போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஃப்ளைட் மோடில் போட்டு, மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் எடுத்துப் பாருங்கள். ஒரு கோடு சிக்னலில் கால் போகாவிட்டாலும் எஸ்.எம்.எஸ். போகும், அதற்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். "நலம். பாகூர் வீட்டில். தண்ணீர் இல்லை" என்ற அளவுக்கு எழுதுங்கள். நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோமேட்டிக்' என்றே இருக்கட்டும். பேரிடர் நேரத்தில் ஒரு கம்பெனி சிம் இன்னொரு கம்பெனி டவரில் பேசத் தொலைத்தொடர்புத் துறை அனுமதிப்பதுண்டு, 'மேனுவல்' என்று வைத்திருந்தால் உங்கள் போன் அதைப் பிடிக்காது.

செய்திக்கு பேட்டரி ரேடியோ ஒன்று. போனிலேயே எஃப்.எம். உள்ளவர்கள் ஒயர் இயர்போனைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒயர்தான் ஆன்டெனா.

கையில் இரண்டு மூன்று நாள் செலவுக்கு ரொக்கம் வேண்டும். ஏ.டி.எம்.மும் ஜிபேயும் டவரோடு சேர்ந்தே படுக்கும்.

கேள்வி: ஃபைபர் படகில் போகும்போது செல்போன் எவ்வளவு தூரம் எடுக்கும்? மேப் பார்த்தே கரைக்கு வந்துவிடலாம் என்கிறான் தம்பி. (தேவனாம்பட்டினம்)

பதில்: 40 மீட்டர் உயர டவருக்கும் படகில் நிற்கிறவரின் கைக்கும் இடையே பூமியின் வளைவு குறுக்கிடாமல் நேர்ப்பார்வை கிடைப்பது சுமார் 30 கிலோமீட்டர். 2ஜியில் 35 கிலோமீட்டருக்கு மேல் வேலை செய்யாதபடி அந்த முறையிலேயே ஒரு எல்லை இருக்கிறது. போனின் சக்தி குறைவு, அலையும் மழையும் வேறு, ஆகையால் நடைமுறையில் அதற்கும் முன்பே அறுந்துபோகும். செல்போனை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. படகில் வைக்கும் வி.எச்.எஃப். ரேடியோ கருவியில் 16-ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கு. கரையிலிருந்து வீட்டார் உதவி கேட்கக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

தம்பி சொல்வதில் பாதி சரி. இருக்கிற இடத்தைப் போன் செயற்கைக்கோளிலிருந்து எடுக்கிறது, அதற்கு டவர் வேண்டாம். ஆனால் மேப் படம் இன்டர்நெட்டில் வருவது. கரையிலேயே 'ஆஃப்லைன் மேப்' இறக்கிக்கொள்ளாவிட்டால் வெறும் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரியும். அந்த மேப்பில் கடலின் ஆழமும் பாறையும் இருக்காது. திரை நனைந்தால் விரலுக்குக் கட்டுப்படாது. தனி ஜி.பி.எஸ். கருவியும் திசைகாட்டியும் படகில் இருக்கட்டும், போன் அதற்கு மேல் ஒரு துணை.

கேள்வி: கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி வீடு. எந்த போன் வாங்கினாலும் வருடத்துக்குள் சார்ஜ் ஏறுவது நின்றுபோகிறது. (முத்தியால்பேட்டை)

பதில்: உப்புக் காற்று. சார்ஜ் பின்னில் படிகிற உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு 5 வோல்ட் சேரும்போது பின்னின் மேல்பூச்சு கரைந்து பச்சையாகவோ கறுப்பாகவோ ஆகும். கேபிளை ராத்திரி முழுக்க மாட்டி வைப்பதும், கரண்ட் இருக்கிற கேபிளை ஜன்னலோரம் தொங்கவிடுவதும் இதை வேகப்படுத்தும். ஏறியதும் கழற்றுங்கள், சுவிட்சையும் அணையுங்கள். மாதம் ஒரு முறை போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சி நுனியில் கொஞ்சம் பஞ்சு சுற்றி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து மெல்லத் துடையுங்கள். அரை மணி நேரம் காயட்டும். ஊக்கு, குண்டூசி வேண்டாம். டைப்-சி துளையின் நடுவே இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் போர்டிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். பாண்டி கடற்கரையில் அலையடித்து நனைந்த போனை அரிசியில் புதைப்பதும் வீண், தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், அன்றே கடையில் திறந்து கழுவக் கொடுங்கள்.

கேள்வி: ஐ.டி. வேலை. போன் பார்ப்பதைக் குறைக்க எத்தனையோ முறை முயன்று தோற்றுவிட்டேன். ஆப்களை அழித்தால் மூன்றாம் நாள் திரும்பப் போடுகிறேன். (முதலியார்பேட்டை)

பதில்: உறுதி போதவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். மணி பார்க்க, எழுப்ப, கணக்குப் போட, டார்ச் அடிக்க, பணம் கொடுக்க என்று பத்து வேலைகளை ஒரே கருவியில் வைத்திருக்கிறோம். மணி பார்க்க எடுத்த கை அரை மணி நேரம் கழித்துத்தான் கீழே வைக்கிறது, மணி என்ன என்பதையும் பார்க்காமலே. அந்த வேலைகளைப் பிரித்து எடுங்கள். கைக்கடிகாரம் ஒன்று. தலைமாட்டில் அலாரம் கடிகாரம் ஒன்று. ஒரு டார்ச், ஒரு சின்ன நோட்டு. இந்த நான்கும் வந்த பிறகு, படுக்கையறையில் சார்ஜர் இருக்கக் காரணமே இல்லை. ஹாலிலோ அடுப்படியிலோ ஓர் இடத்தில் மாட்டிவிடுங்கள். எல்லா யோசனையிலும் அதிகம் பலன் தருவது இதுதான்.

அடுத்து நோட்டிஃபிகேஷன். செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்பாகப் போய், மனிதர் நேரடியாக உங்களுக்கு அனுப்புவது தவிர மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள்: ஷாப்பிங், செய்தி, கேம், 'உங்களுக்காக' என்று வருபவை. வாட்ஸ்அப்பில் குரூப்களை 'எப்போதும்' மியூட்டில் போடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி இருக்கிறது. அதிகம் இழுக்கும் ஒரே ஒரு ஆப்புக்கு மட்டும் நேர எல்லை வையுங்கள், இப்போது பார்க்கும் நேரத்தில் முக்கால் பங்கு. எடுத்த எடுப்பில் பத்து நிமிடம் என்று வைத்தால் நீங்களே எல்லையைத் தூக்கிவிடுவீர்கள். வாரம் ஒரு முறை கொஞ்சம் குறைத்துக்கொண்டே வாருங்கள். 'பெட்டைம் மோட்' போட்டால் இரவு திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். நிறம் போனதும் ரீல்ஸில் பாதி ருசி போய்விடுகிறது.

ஆப்பை அழிப்பதைவிட, அதிலிருந்து வெளியேறி, நீளமான கடவுச்சொல்லை மாற்றி, அந்த நோட்டில் எழுதி அலமாரியில் வையுங்கள். திரும்பப் போடுவது ஒரு நொடி வேலையாக இருக்கக் கூடாது. மாலையில் பீச் ரோட்டில் நடக்கப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளையே விடுவதில்லை, நிம்மதியாக நடக்கலாம்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்தி போன் காட்டினால்தான் சோறு தின்கிறாள். (பாட்டி, நெல்லிக்குப்பம்)

பதில்: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். ஊரிலிருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்க்க வேண்டாம்.

மூன்று வேளையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பசி அதிகமாக உள்ள ஒரு வேளையில் தொடங்குங்கள். அதற்கு முந்தைய மூன்று மணி நேரம் பிஸ்கெட், முறுக்கு எதுவும் வேண்டாம். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற குழந்தைக்குச் சோறு இறங்காது, அதையும் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், பெரியவர்கள் போனும் கண்ணில் படக் கூடாது. தட்டில் இரண்டு கைப்பிடி சோறு, அவள் கையாலேயே தின்னட்டும், சிந்தினால் சிந்தட்டும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அழுதாலும் திட்ட வேண்டாம், போனும் வேண்டாம். ஒரு வேளை குறைவாகத் தின்றால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வேளை கேட்டுத் தின்பாள். எடை குறைந்துகொண்டே போனாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் பேச்சும் தாமதமாக இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வேளை ஒரு வாரம் நிலைத்த பிறகு அடுத்த வேளைக்குப் போங்கள்.